நீலம் ஏறிய ஆறாம் தட்டு

குற்றச்சாட்டு வருமாறு. 2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை, காலை 11.20 மணிக்கு, ஆய்வகத் தலைவர் கையொப்பமிட்ட அரைப்பக்கக் குறிப்பாணை ஒன்று, ஈ வளர்ப்பறைக்குப் பொறுப்பாயிருந்த பெண்மணியிடம், ஒரு கேள்வியும் கேட்கப்படாமல், அவர் அடுப்பருகே கரண்டியும் கையுமாக நின்ற நிலையிலேயே கொடுக்கப்பட்டது. அதில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. 212ஆம் ஈடு உணவில் காப்பு அமிலம் அளவுக்கு மேல் சேர்க்கப்பட்டது என்பது முதலாவது. அதனால் ஆறாம் தட்டு ஈக்களின் குடல் சிதைந்து, மூன்று மாதச் சோதனை பாழாயிற்று என்பது இரண்டாவது. மறு உத்தரவு வரும்வரை அவர் வளர்ப்பறைச் சாவியை ஒப்படைத்துவிட்டுக் குப்பி கழுவும் அறையில் பணிபுரிய வேண்டும் என்பது மூன்றாவது. குறிப்பாணையின் மூலப்படி, மேல் மூலையில் சோளமாவுக் கறையுடன், பச்சை நாடா கட்டிய அவருடைய இருபத்திரண்டாம் கோப்பில் முதல் தாளாக உள்ளது.

அந்தப் பெண்மணிக்குப் பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு. ஆனால் வாசல் காவலாளி முதல் ஆய்வகத் தலைவர் வரை எல்லோர் வாயிலும் அவர் ஈக்காரம்மாதான். இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் குப்பி கழுவத்தான் அவர் அங்கே சேர்ந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். கழுவிய குப்பியில் எதை ஊற்றுகிறார்கள், ஊற்றியதை எது தின்கிறது, தின்றதை வைத்து இவர்கள் என்னதான் பார்க்கிறார்கள் என்று படிப்படியாகக் கேட்டுக்கொண்டே போனார். அச்சுப்பொறிக்குப் பக்கத்துக் கூடையில் கசங்கி விழும் தாள்களை எடுத்து நீவி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாக உடைத்தார். எட்டாம் வருடம் அடுப்புக்கு வந்தார். பன்னிரண்டாம் வருடம் சாவி கைக்கு வந்தது. குப்பி கழுவும் அறையில் தொடங்கியவரை அதே அறைக்குத் திருப்பி அனுப்பியதில் எவ்வளவு தூரம் அடங்கியிருக்கிறது என்று குறிப்பாணை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அவர் வளர்த்தது பழ ஈ. எள்ளைவிடச் சற்றே பெரியது; சிவப்புக் கண். சோளமாவு, சர்க்கரைப் பாகு, ஈஸ்ட், கெட்டிப்பட அகர், பூஞ்சை பிடிக்காமலிருக்க சிறிதளவு காப்பு அமிலம் என்று அதற்கு ஒரு சமையல் உண்டு. திங்கட்கிழமை தோறும் ஒரு ஈடு சமைப்பார். ஒவ்வோர் ஈட்டுக்கும் ஒரு சீட்டு. ஒவ்வோர் ஈட்டிலிருந்தும் ஒரு குப்பி தனியாக மூடி வைத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் அறுபது நாள். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், வந்த நாளில் வரவில்லை என்று யாரோ பதிவேட்டில் குறித்துவிட்டார்கள். வந்ததைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அன்றிலிருந்து அவர் எந்தக் காகிதத்தையும் வெளியே போட்டதில்லை.

அவருடைய கணவர் தரைக்குக் கல் பதிப்பவர். சாயங்காலம் முழங்காலில் சிமென்ட் தூளோடு வந்து உட்காருவார். மனைவியின் வேலை என்ன என்று அவர் புரிந்துகொண்டது தம் வேலையை வைத்துத்தான்.

"ஈயோட குடல் ஒரு குழாய்ங்க," என்று ஈக்காரம்மா ஒருமுறை விளக்கினார். "உள்பக்கம் பூரா செல்லு. உங்க கல்லு மாதிரி பக்கத்துல பக்கத்துல பதிச்சிருக்கு."

"அப்ப இடுக்குல என்ன பூசியிருக்கு?"

"அதான் இவங்க ஆராய்ச்சியே. இடுக்குல புரதம் இருக்கு."

"சிமென்ட் மாதிரியா?"

"சிமென்ட் நீங்க மேலேருந்து பூசறது. இது பக்கத்துப் பக்கத்துச் செல்லு ரெண்டும் தன் சுவத்துலேருந்து கைய நீட்டி ஒண்ணையொண்ணு கோத்துக்கிற மாதிரி. பெரிய மைக்ரோஸ்கோப்புல பார்த்தா ரெண்டு சுவருக்கும் நடுவுல ஏணிப்படி அடுக்கின மாதிரி தெரியுமாம்."

கணவர் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். "ஏணி இருந்தா அதுல இறங்கித் தண்ணி போயிடாதா?"

கேள்வியை ஈக்காரம்மா மனத்தில் குறித்துக்கொண்டார். மறுநாள் ஆய்வகத் தலைவரிடமே கேட்டுவிட்டு வந்து சொன்னார். ஏணி நீளவாக்கில் சாத்தியிருப்பதல்ல. படிகள் குறுக்கே, ஒன்றின்மேல் ஒன்றாக, நெருக்கமாக. ஒரு படியைத் தாண்டிக் கசிந்தது அடுத்த படியில் முட்டிக்கொள்ளும். இத்தனை படியையும் தாண்டிக் குடலிலிருக்கும் கழிவு உடம்புக்குள் போவது லேசில் நடக்காது. கணவர் விடவில்லை.

"சரி, ரெண்டு கல்லு சேர்ற கோட்டை அடைச்சாச்சு. மாத்தி மாத்திப் பதிச்ச தரையில கோடு ஒழுகாது. மூணு கல்லு சேர்ற மூலைதான் ஒழுகும். அத எப்படி அடைக்கிறானாம் உங்க ஈ?"

இந்தக் கேள்வியையும் அவர் கொண்டுபோனார். தலைவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார். மூன்று செல்கள் சந்திக்கும் மூலைக்கென்றே தனிப் புரதங்கள் உண்டு என்றும், அவை இல்லாவிட்டால் மற்ற இடமெல்லாம் ஒழுங்காயிருந்தும் பயனில்லை என்றும் சொல்லிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா படிச்சார்?" என்று கேட்டார்.

"குளியலறையில சார்," என்றார் ஈக்காரம்மா.

அப்படிச் சிரித்துப் பேசிக்கொண்ட மனிதர்தான் பிப்ரவரி 12 அன்று கையொப்பமிட்டார். இதையும் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருவது விளங்கும்.

சோதனை இதுதான். ஈயின் குடலில் அந்தப் படிகளைக் கட்ட மூன்று புரதங்கள் வேண்டும். மூன்றில் ஒன்று வராவிட்டால் மற்ற இரண்டும் தம் இடத்துக்கு வந்து சேராமல் செல்லுக்குள்ளேயே அலைந்துகொண்டிருக்கும். தலைவர் அந்த மூன்றில் ஒன்றை மட்டும், வளர்ந்த ஈயில், வேண்டும்போது நிறுத்திப் பார்க்க விரும்பினார். அதற்காக வளர்த்த ஈக்களுக்குள் ஒரு காவல் புரதம் உண்டு. பதினெட்டு டிகிரியில் அது விழித்திருக்கும், ஒன்றும் நடக்காது. இருபத்தொன்பது டிகிரியில் அது சோர்ந்துவிடும். உடனே 'இடுக்குப் புரதத்தைச் செய்யாதே' என்ற உத்தரவு உள்ளே புறப்பட்டுவிடும். நாலைந்து நாளில் குடல் ஒழுகத் தொடங்கும். ஆகவே ஒரே வயிற்றுப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஈக் குப்பிகள் அடுக்கிய ஐந்தாம் தட்டைச் சூட்டு அலமாரியிலும் ஆறாம் தட்டைக் குளிர் அலமாரியிலும் வைத்தார்கள். ஐந்து ஒழுக வேண்டும். ஆறு ஒழுகக் கூடாது. ஆறு ஒழுகாமலிருந்தால்தான் ஐந்து ஒழுகியதற்கு அர்த்தம்.

ஒழுகுகிறதா என்று பார்க்க வழி எளியது. உணவில் நீலச் சாயம் கலப்பார்கள். குடல் சுவர் ஒழுங்காயிருந்தால் வயிற்றுக்குள் ஒரு நீலக் கோடு மட்டும் தெரியும். கெட்டிருந்தால் நீலம் கசிந்து தலை, மார்பு, கால் நுனிவரை ஏறிவிடும்.

பிப்ரவரி 11 மாலை சாயம் வைத்தார்கள். 12 காலை 9.40க்கு எண்ணினார்கள். ஐந்தாம் தட்டு எதிர்பார்த்தபடியே நீலம். ஆறாம் தட்டில் நூற்றிருபது ஈக்களில் எழுபத்தொன்று தலையிலிருந்து கால்வரை நீலம்.

தலைவர் யோசித்த விதத்தில் பிழை சொல்வதற்கில்லை. இரண்டு தட்டுக்கும் பொதுவானது என்ன? உணவு. உணவு எது? 212ஆம் ஈடு. சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். அமிலம் என்ற வரியில் 'ஐம்பது மில்லி' அடிக்கப்பட்டு 'நாற்பது' என்று எழுதி, பக்கத்தில் ஈக்காரம்மாவின் சிறு கையொப்பம் இருந்தது. சாயம் போட்ட ஈக்களைவிட அந்த அடித்தல்தான் அவர் கண்ணில் பளிச்சென்று பட்டது. ஐம்பதை ஊற்றிவிட்டுப் பின்னால் சீட்டைத் திருத்தியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

சீட்டை முழுக்கப் படித்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். பிப்ரவரி 4 காலை குழாயில் தண்ணீர் பாதியில் நின்றுவிட்டது. பத்து லிட்டராக எண்ணியது எட்டு லிட்டராயிற்று. அதனால் தண்ணீர், மாவு, பாகு, ஈஸ்ட், அகர், அமிலம் என்று ஆறு வரிகளும் அடித்துத் திருத்தப்பட்டு, ஆறிலும் கையொப்பம் உள்ளது. கடைசி வரி மட்டும் குற்றமாயிற்று.

குப்பி கழுவும் அறையில் முதல் இரண்டு நாள் ஈக்காரம்மாவுக்குக் கோபமே வரவில்லை. குழப்பம்தான் வந்தது. நீண்ட தொட்டி, வெந்நீர் ஆவி, பிரஷ் தேய்க்கும் ஓசை. கை தானாக வேலை செய்தது. மனம் ஒரே இடத்தில் செக்குமாடாகச் சுற்றியது. நாற்பது என்று எழுதினேன். சரி. நாற்பதுதான் ஊற்றினேனா? எழுதியதற்குத் தாள் இருக்கிறது. ஊற்றியதற்கு என்ன இருக்கிறது? ஐம்பதை முதலில் அளந்து வைத்துவிட்டு, தண்ணீர் நின்றதும் சீட்டை மட்டும் திருத்திவிட்டு, அளந்ததை அப்படியே கவிழ்த்திருந்தால்? அந்தக் காலையை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தும் அளவுச் சாடி வரும் இடத்தில் காட்சி மங்கிவிட்டது. பதினெட்டு வருடக் காகிதம் சேர்த்தவருக்குத் தம் கை செய்தது நினைவில்லை.

"எழுதினா ஊத்தியிருப்ப," என்றார் கணவர்.

"எழுதினது ஒண்ணு, ஊத்தினது ஒண்ணா இருந்திருந்தா?"

"கறியில உப்புப் போட்டியா இல்லையான்னு சந்தேகம் வந்தா என்ன பண்ணுவ? நாக்குல வச்சுப் பார்ப்ப. அதையும் வச்சுப் பாரேன்."

"அது ஈ சாப்பாடுங்க."

"இத்தன வருசமா எனக்குப் போட்டதும் அதே கைதானே. நான் நீலமாவா ஆயிட்டேன்?"

சிரிக்க வரவில்லை என்றாலும் அந்தப் பேச்சில் ஒரு விஷயம் இருந்தது. நாக்குக்குப் பதிலாக அமிலம் பார்க்கும் காகிதப் பட்டை இருக்கிறது. தனியாக எடுத்து வைத்த குப்பிகள் குளிர்பெட்டியில் இருக்கின்றன. பிப்ரவரி 15 அன்று, பெட்டியைத் திறக்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்து, காவலாளியைப் பக்கத்தில் நிறுத்தி, 211, 212, 213 ஆகிய மூன்று ஈடுகளிலும் பட்டை தொட்டு எடுத்தார். மூன்று பட்டைகளும் ஒரே நிறம். அவற்றை ஒரே தாளில் ஒட்டி, காவலாளியிடம் கையொப்பம் வாங்கினார். இது இரண்டாம் ஆவணம்.

அமிலம் ஒரு பங்கு கூடக்குறைய இருந்தால் பட்டை காட்டிக்கொடுக்காது என்று யாராவது சொல்லலாம் அல்லவா. ஆகவே பக்கத்து அறையின் ஈ வளர்ப்பாளரிடம் போனார். நாற்பது வயது, வாய் ஓயாதவர். அவருடைய ஈக்களும் 212ஆம் ஈட்டைத்தான் தின்றிருந்தன.

"தம்பி, உங்க சாதாரண ஈயில இருபதுக்கு நீலம் வச்சுப் பாருங்களேன். மிச்சமிருக்கிற 212லயே கலந்து."

"அவ்வளவுதானேக்கா. வச்சிட்டாப் போச்சு."

"முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"கையெழுத்தா? ஈக்கு நன்னடத்தைச் சான்றிதழ் குடுத்த முதல் ஆளு நானாத்தான்க்கா இருப்பேன்."

இருபதில் ஒன்றுகூட ஒழுகவில்லை. வயிற்றுக்குள் இருபது நீலக் கோடுகள் மட்டும். சான்றிதழ் மூன்றாம் ஆவணம். உணவு குற்றமற்றது. அன்று சாயங்காலம் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏனென்றால் உணவு சரி என்றால் ஆறாம் தட்டு ஏன் நீலமாயிற்று?

குளிர் அலமாரியின் வெப்பப் பதிவை ஆய்வு மாணவியிடம் கேட்டு வாங்கினார். அந்தச் சோதனையைச் செய்தவள் அவள்தான், இருபத்தாறு வயது, மூன்று மாத உழைப்பு போனதில் முகம் சுண்டிப்போய்த் திரிந்தாள். பதிவுத்தாளில் பதினெட்டு டிகிரி, கோடு போட்டாற்போல், ஜனவரி முழுக்க, பிப்ரவரி 12 வரை. நான்காம் ஆவணம். தட்டு மாறிப்போயிருக்குமோ என்றால், ஐந்தும் நீலம், ஆறும் நீலம். எதை எதனோடு மாற்றுவது? அவர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் 'சரியாக இருந்தவை' என்று எழுதினார். உணவு, அலமாரி, ஈ வம்சம், சாயம், குப்பி என்று அந்தப் பக்கம் நிறைந்து வழிந்தது. வலப்பக்கம் 'சரியாக இல்லாதவை' என்று தலைப்பு மட்டும் இருந்தது. பத்து நாள் அப்படியே இருந்தது. குற்றம் தம்முடையதாயிருந்தால்கூடத் தேவலை என்று ஒரு கட்டத்தில் அவருக்குத் தோன்றியது. அந்தப் பக்கத்தில் ஒரு வரியாவது விழுமே.

பிப்ரவரி 27, புதன், பிற்பகல் ஒரு மணிக்கு மாணவி குப்பி கழுவும் அறைக்கு வந்து, தொட்டி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எம்மேல கோவமாக்கா?"

"உம்மேல எனக்கென்னம்மா கோவம். சாப்டியா?"

"உங்களோட சாப்டலாம்னுதான் வந்தேன்." டப்பாவைத் திறந்தாள். ஆவி பறக்கவில்லை, ஆனால் கையில் வாங்கியபோது டப்பாவின் அடிப்பாகம் இதமாக இருந்தது.

"காலைல ஏழு மணிக்கே கட்டியிருப்ப. இப்பவும் வெதுவெதுன்னு இருக்கு. எங்க வச்சிருந்த?"

மாணவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "திட்டாதீங்க. குளிர் அலமாரிக்கு மேல. போன வருசம் புது அலமாரி வந்துச்சில்ல, அதோட தலைமேல வச்சா ஆறவே ஆறாது. எல்லாரும் அங்கதான் வைக்கிறோம். சார் டப்பாவும்தான்."

"வளர்ப்பறைக்குள்ள சாப்பாட்டு டப்பா கூடாதுன்னு நான் எழுதி ஒட்டியிருக்கேனே."

"அதனாலதான்க்கா உங்களுக்குத் தெரியாம வைக்கிறோம்."

ஈக்காரம்மா ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றார். பழைய அலமாரி உள்ளே குளிர வைக்கும்போது வெளியேறும் சூட்டைப் பின்பக்கச் சுவரில் துப்பும். புதியது எங்கே துப்புகிறது? அவர் குள்ளம். அலமாரி உச்சி அவருக்கு எட்டாது. தூசி தட்டக்கூட யாரையாவது கூப்பிடுவார். அந்த உச்சியில் கை வைத்ததே இல்லை.

"ஆறாம் தட்டு எப்பவாச்சும் வெளியில போச்சாம்மா?"

"படம் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போச்சு. ஆறாம் தேதி. அன்னிக்கு நீங்க லீவு."

"திரும்பி வந்ததும்?"

"உங்க விதிப்படிதான்க்கா. நாலு நாள் தனியா வச்சேன். நடுவுல சனி ஞாயிறு வந்துச்சு, அதனால பதினொண்ணாம் தேதி காலைலதான் உள்ள எடுத்து வச்சேன்."

"தனியான்னா எங்க?"

மாணவி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஈக்காரம்மாவின் கையிலிருந்த வெதுவெதுப்பான டப்பாவைப் பார்த்தாள்.

விதி ஒன்பதாம் கோப்பில் இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 20 தேதியிட்டது, ஈக்காரம்மாவின் கையெழுத்து. ஈக் குப்பிகளில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வகை உண்ணி தொற்றிக்கொள்ளும். ஒரு தட்டில் வந்தால் ஒரு வாரத்தில் அலமாரி முழுக்கப் பரவும். அந்த வருடம் அப்படிப் பரவி நாற்பது வம்சங்கள் அழிந்தன. அதன் பிறகு அவர் எழுதினார்: 'வெளியறை சென்று திரும்பும் எந்தத் தட்டும், உண்ணி இல்லை என்று உறுதியாகும்வரை நான்கு நாட்கள் குளிர் அலமாரியின் உச்சியில், மற்றத் தட்டுகளிலிருந்து விலக்கி வைக்கப்பட வேண்டும்.' கீழே அவர் கையொப்பம். அதற்கும் கீழே 'ஏற்கப்பட்டது' என்று ஆய்வகத் தலைவரின் கையொப்பம். ஐந்தரை வருடத்தில் அந்த விதியால் ஒரு தட்டும் கெட்டதில்லை. அலமாரி மாறியது. விதியை யாரும் மறுபடி படிக்கவில்லை. புது அலமாரி வந்தபின் ஒரு தட்டு உச்சிக்குப் போனது இதுவே முதல் தடவை.

மாணவி மூன்று நாள், காலை, நண்பகல், மாலை, தண்ணீர்க் குப்பிக்குள் வெப்பமானியை நிறுத்தி அலமாரி உச்சியில் வைத்து எடுத்தாள். இருபத்தொன்பது, முப்பது, இருபத்தொன்பது. காவல் புரதம் சோர்ந்துவிடும் சூடு. ஐந்தாம் தட்டு சூட்டு அலமாரிக்குள் பட்டதை, ஆறாம் தட்டு குளிர் அலமாரியின் தலைமேல் உட்கார்ந்து ஐந்து நாள் பட்டிருந்தது. உணவு சரி. அலமாரியின் உள்ளே சரி. வலப்பக்கம் இப்போது ஒரு வரி விழுந்தது. விழுந்த வரி அவர் எழுதிய வரி.

"என் பேரைப் போட்டுடாதீங்கக்கா," என்றாள் மாணவி, அளவெடுத்த தாளை நீட்டி. "இன்னும் ஒரு வருசம் இருக்கு எனக்கு. டப்பா தினம் அங்க வைக்கிறேன், தட்டையும் அங்க வச்சேன், ரெண்டையும் சேத்துப் பார்க்கத் தோணவே இல்ல."

"நீ விதிப்படி செஞ்சதா மட்டும்தான் எழுதுவேன். அது உண்மை."

"அப்ப தப்பு யாரோடதுக்கா?"

ஈக்காரம்மா தாளை மடித்து எடுத்துக்கொண்டார். வீட்டில் இரண்டு சாயங்காலம் ஒன்பதாம் கோப்பை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விதித்தாளைச் சேர்க்காமலே மனு கொடுக்கலாம். காகிதப் பட்டையும் சான்றிதழும் போதும். உணவு சரி என்று ஆகிவிடும், சாவி வந்துவிடும். ஆறாம் தட்டு ஏன் கெட்டது என்பது யாருக்கும் தெரியாமலே போகும். ஆனால் விதி சுவரில் ஒட்டியபடி இருக்கும். அடுத்த தட்டு உச்சிக்குப் போகும். விதித்தாளைச் சேர்த்தாலோ, செய்யாத குற்றத்திலிருந்து வெளியே வந்து செய்த குற்றத்துக்குள் தாமே நடந்து போக வேண்டும். அது குற்றம்தானா என்பதும் தெளிவாகவில்லை. பழைய அலமாரிக்கு அந்த விதி சரி.

கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். "விதி எழுதினவ ஒழுங்காத்தான் எழுதியிருக்கா. அலமாரி ஒழுங்காத்தான் வேலை செய்யுது. அந்தப் பொண்ணும் சொன்னபடிதான் வச்சிருக்கு. மூணு கல்லும் நல்ல கல்லு. மூலை ஒழுகியிருக்கு."

"மூலைக்குக் குறிப்பாணை குடுக்க முடியாதுங்க. ஆளுக்குத்தான் குடுப்பாங்க."

"அப்ப நீ போயி மூலையில நில்லு."

"நான் ஏன் நிக்கணும்?"

"வேற யாரு நிப்பாங்க? உங்கிட்டதானே காகிதம் இருக்கு."

மார்ச் 4, திங்கள், காலை 10.05க்கு மனு கொடுக்கப்பட்டது. பதினொரு பக்கம், ஒன்பது இணைப்புகள், ஒன்பதாவது இணைப்பு 2013ஆம் ஆண்டு விதி. பெற்றுக்கொண்டதற்கு அலுவலகக் கையொப்பம் பெறப்பட்டது.

மார்ச் 7, பிற்பகல் மூன்று மணிக்கு ஆய்வகத் தலைவர் தாமே குப்பி கழுவும் அறைக்கு வந்தார். வெந்நீர் ஆவியில் அவர் கண்ணாடி மங்கியது. அதைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"எல்லாம் படிச்சேன்மா. போதும். விட்டுடுங்க. விதியைக் கிழிச்சாச்சு. என் டப்பாவையும் எடுத்தாச்சு. நாளைலேருந்து நீங்க பழையபடி உள்ள வாங்க." சட்டைப் பையிலிருந்து வளர்ப்பறைச் சாவியை எடுத்துத் தொட்டியின் ஓரத்தில் வைத்தார்.

"கிழிச்சீங்களா சார்?"

"ஆமா. ஏன்?"

"கிழிக்காம ரத்துன்னு எழுதி வச்சிருக்கலாம். பரவால்ல, எங்கிட்ட படி இருக்கு." பிரஷை ஓரமாக வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "குறிப்பாணைக்குப் பதில் என்ன சார்?"

"அதான் வந்து சொல்லிட்டேனே."

"வாயால வந்ததில்ல சார் அது. காகிதத்துல வந்தது."

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அது உடனே மறுபடி மங்கியது. "எனக்குப் புரியலம்மா. கடைசில பார்த்தா உங்க விதிதானே காரணம்? நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"குடுத்திருக்கேன் சார். அதுக்குத் தனியா ஒரு குறிப்பாணை குடுங்க. கை நீட்டி வாங்கிக்கிறேன். அதுல உங்க கையெழுத்தும் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், தாளே சொல்லும். ஆனா 212 மேல போட்ட பழி வேற. அது இன்னும் ஆபீஸ் கோப்புல இருக்கு. நாளைக்கு வேற யாராச்சும் எடுத்துப் படிச்சா, அளவு தெரியாம அமிலம் ஊத்தினவன்னுதான் இருக்கும்."

"சாவி வந்துடுச்சே. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

அவர் உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார் என்று ஈக்காரம்மாவுக்குத் தெரிந்தது. ஈக்காரம்மாவுக்கும் முழுக்க விளங்கவில்லை. சாவிக்காகத்தான் பதினொரு பக்கம் எழுதினார். சாவி இதோ, நாலு விரற்கடை தூரத்தில், நனைந்த சிமென்டின் மேல் கிடக்கிறது. கை ஏன் போகவில்லை?

தலைவர் போன பிறகு அவர் ஓர் உறையை எடுத்து, சாவியைத் துடைத்து அதற்குள் போட்டு, மேலே எழுதினார்: '7.3.2019, பிற்பகல் 3.10. தொட்டி ஓரத்தில் விட்டுச் செல்லப்பட்டது. பெற்றுக்கொள்ளப்படவில்லை, பாதுகாக்கப்படுகிறது.' மறுநாள் காலை குப்பி கழுவும் அறைக்கே போனார். அங்கிருந்து அனுப்பிய கடிதத்தின் படி இருபத்திரண்டாம் கோப்பில் கடைசித் தாளாக உள்ளது. அதன் முடிவுப் பகுதி வருமாறு:

'இணைப்பு ஒன்பதில் கண்ட விதியை எழுதியவள் நானே. அலமாரி மாற்றப்பட்டபோது அதை மீண்டும் படித்திருக்க வேண்டியவளும் நானே. அதுகுறித்து விளக்கம் கேட்கப்பட்டால் தனியே விளக்கம் தருவேன். ஆனால் என்மீது கொடுக்கப்பட்ட குறிப்பாணை அதைப் பற்றியதல்ல. ஆகவே ஒரே ஒரு கேள்விக்கு, ஆய்வகத்தின் தாளில், தேதியிட்டுக் கையொப்பமிட்டு, பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்: பிப்ரவரி 4 அன்று நான் சமைத்த 212ஆம் ஈட்டில் குறை இருந்ததா, இல்லையா? வாய்மொழிப் பதில் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.'